கோயில் கல்லில் பிறந்த கோட்டை

அன்புவழிபுரத்தில் இருந்து கோணேசர் மலைக்குப் போகிற நாள் என்றால், விடியமுன்னமே எங்கள் வீட்டில் அமளிதான். அம்மம்மா தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பா. அம்மா தட்டத்தில் வெற்றிலையும் பழமும் அடுக்குவா. கண்டி வீதிக்கு வந்து பஸ் பிடித்து, பட்டினத்தில் இறங்கி, பத்திரகாளி அம்மனை வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு மைதானத்தைக் கடந்தால் கோட்டை வாசல் வந்துவிடும். அங்கே அம்மம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுவா. கோயில் இன்னும் எங்கேயோ மேலே இருக்கிறது, பாதி மலை ஏற வேண்டும். "ஏன் அம்மம்மா இங்கேயே கழட்டுறீங்கள்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இதுவும் கோயில் கல்லுத்தான் மகன்."

அவ பள்ளிக்கூடம் போனது மிகக் குறைவு. போர்த்துக்கேயர் எழுதி வைத்ததையும் ஒல்லாந்தர் எழுதி வைத்ததையும் அவ கண்டதில்லை. பிற்காலத்தில் நான் தேடித் தேடிப் படித்ததெல்லாம் அவ சொன்ன அந்த ஒரு வரிக்குத்தான் சாட்சி சொன்னது. பிரெட்ரிக் கோட்டை என்று இன்று நாம் சொல்லுகிற கோட்டை, திருக்கோணேச்சரத்தை இடித்த கல்லில் பிறந்தது. அதனால்தான் அதன் பிறப்பை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு மனம் இரண்டாகப் பிரிகிறது. பிறந்ததைச் சொன்னால் செத்ததையும் சொல்ல வேண்டும்.

திருகோணமலையின் நில அமைப்பை ஒருமுறை மனதில் வரைந்து பாருங்கள். பட்டினத்தில் இருந்து கடலுக்குள் ஒரு நாக்கு நீளுகிறது. அதன் நுனி சுவாமி மலை. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, கீழே ஆழக் கடல். எந்தப் படையும் அந்தப் பாறையில் ஏறி வர முடியாது. தரையோடு ஒட்டும் கழுத்து ஒன்றுதான் வழி. அந்தக் கழுத்தில் கடலில் இருந்து கடல்வரைக்கும் ஒரு தடித்த மதிலைப் போட்டுவிட்டால், மலை முழுவதும் கோட்டையாகிவிடும். மிச்ச வேலையை இயற்கை முன்னமே செய்து வைத்திருக்கிறது. தெற்கே திரும்பினால் கொட்டியாபுரக் குடா, அதற்குள் உள்துறைமுகம். எந்தப் புயலிலும் கப்பல் ஒதுங்கக்கூடிய அந்தத் துறைமுகத்துக்காகவே நான்கு ஐரோப்பியக் கொடிகள் இங்கே ஏறி இறங்கின.

ஐந்தாவது கொடியும் ஏறியிருக்கும். இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகிற இடம் அது. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரின் கையில் விழுந்தது. அதே காலத்தில் டென்மார்க்கில் இருந்து ஒரு கப்பல் கூட்டம் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓவ் ஜெட்டே என்ற இளம் தளபதி அதற்குத் தலைமை தாங்கினார். கண்டி அரசன் செனரத்தோடு பேச்சு நடத்தி, 1620இல் திருகோணமலையில் அரண் வேலையைத் தொடங்கவும் செய்தார்கள் டேனிஷ்காரர்கள். பேச்சு எதிர்பார்த்தபடி நிலைக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தஞ்சை நாயக்கர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்து, சோழமண்டலக் கரையில் தரங்கம்பாடியில் கால் ஊன்றினார்கள். அங்கே எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் குசினியும், மேல்தளத்தில் ஆளுநர் குடியிருப்பும் வழிபாட்டு அறையுமாக, வீடும் அரணும் ஒன்றாகிப் போன கட்டடம். தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்து நிற்கும் அதன் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தக் கோட்டைக்கு முதலில் நினைத்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

டேனிஷ்காரர் போய்விட்டாலும், அவர்கள் வந்து போனதே போர்த்துக்கேயருக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்தது. கண்டியோடு வேறொரு ஐரோப்பியர் கைகோத்துத் திருகோணமலையில் இறங்கினால் கீழ்க்கரை முழுவதும் கையை விட்டுப் போய்விடும். தலைமைத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா த நொரோஞ்ஞா தன் கோட்டைக்குத் தேர்ந்தெடுத்த இடம் சுவாமி மலை. அங்கே அப்போது கோயில் இருந்தது. ஒரு கோயில் என்று சொல்வது சரியாகாது. மலையுச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என்று மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவ் த கெய்ரோஸ் எழுதியிருக்கிறார். ஆயிரங்கால் கோயில் என்று மேல்நாட்டவரே அதை அழைத்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது.

சித்திரை வருடப் பிறப்பன்று சுவாமி வீதியுலா வந்து பட்டினத்துக்குப் போயிருந்த வேளையில், போர்த்துக்கேயப் படைவீரர் பிராமண வேடம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து கொள்ளையிட்டார்கள் என்பது எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. அம்மம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவா, நேற்று நடந்த சாவைச் சொல்வதுபோல. கோயிலை இடித்தார்கள், கல்லை உருட்டினார்கள். பாதி கடலுக்குள் போனது. மீதி கழுத்தடிக்கு வந்தது. 1624இல் கோட்டை முடிந்தது. குவாதலூப்பே மாதாவின் பெயரில் உள்ளே ஒரு தேவாலயமும் எழுந்தது.

கோயில் கல் ஏன்? மதவெறி ஒரு காரணம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதோடு ஒரு கொத்தனின் காரணமும் இருந்தது. நெடுந்தீவில் போர்த்துக்கேயர் கட்டிய இரண்டு மாடிக் கோட்டையைப் பாருங்கள், அது முழுக்க முழுக்க முருகைக்கல். கடலில் இருந்து வெட்டி எடுத்து, சுண்ணாம்பு நீற்றி, சாந்து குழைத்துக் கட்டினார்கள். முருகைக்கல் மெதுவானது, வாச்சியால் செதுக்கலாம் போல இருக்கும். கருங்கல்லை வெட்டிச் சதுரித்து ஏற்றுவது ஆண்டுக்கணக்கான வேலை. சுவாமி மலையிலோ சிற்பிகள் பல நூற்றாண்டுகளாகச் செதுக்கிச் சதுரித்த கருங்கல், தூணாகவும் உத்தரமாகவும் படியாகவும் கையெட்டும் தூரத்தில் நின்றது. இடித்து உருட்டினால் மதிலுக்குத் தயார். பீரங்கிக் குண்டைத் தாங்கக்கூடிய கல்லும் அதுதான். கோயிலைக் கட்டிய கைகளின் உழைப்பு அப்படியே கோட்டைக்குள் போனது.

கொன்ஸ்தாந்தீனு த சா 1628இல் மட்டக்களப்பிலும் ஒரு கோட்டை எழுப்பினார். 1630இல் ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் தோற்று மாண்டார். அவர் கட்டிய திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் 1639இல் பிடித்தார்கள். அது கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் கைக்கு மாறியபோது, அவன் அதை இடிக்க வைத்தான். 1665இல் ஒல்லாந்தர் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து கொஞ்சக் காலம் தங்கிப் போயின. 1782 தை மாதம் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடம் இருந்து பிடித்தார், சமாதானத்துக்குப் பிறகு மறுபடியும் ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795 ஆவணி 26இல் ஆங்கிலேயர் பீரங்கியால் மதிலைப் பிளந்து உள்ளே வந்தார்கள். இந்த முறை ஒன்றரை நூற்றாண்டு போகவில்லை. 1803இல் தங்கள் அரசனின் மகனான யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரைச் சூட்டினார்கள். அவர் இந்த ஊரின் மண்ணை மிதித்தவர் அல்ல. வாசல் வளைவின் மேல் இருக்கிற ஆங்கில அரச இலச்சினையும் அந்தக் காலத்து மிச்சம்.

இத்தனை பேர் இடித்தும் கட்டியும் போனதில், கோட்டைக்குள் கோயில் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. விடை வாசலிலேயே இருக்கிறது. வாசல் நிலைக்கல்லில் தமிழ் எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது, பாண்டியரின் இரட்டைக் கயலும் அங்கே இருக்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர் உடைப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் பாட்டு அந்த எழுத்து. குளக்கோட்டன் என்றால் இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் கட்டியவனாகத்தான் ஐதீகம் அவனைச் சொல்கிறது. கோயிலை இடித்தவர்களே அந்த எழுத்தைப் படித்துக் கேட்டு, அதன் படியைப் போர்த்துக்கலுக்கு அனுப்பினார்கள். தங்களைப் பற்றி எழுதிய சொல்லைத் தங்கள் வாசலிலேயே பதித்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக அதன் கீழால் போய்வந்திருக்கிறார்கள் ஐரோப்பியர்.

இரட்டைக் கயலைப் பார்க்கும்போது புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலை ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தில் போர் வென்று, கோணமலையில் இணைக்கயல் பொறித்தான் என்று அங்கே ஒரு கல்வெட்டு சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல் சொல்ல, இந்தப் பக்கம் ஒரு கல் காட்டுகிறது.

கோட்டைக்குள் கிடைத்த இன்னொரு நிலைக்காலில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒன்று இருக்கிறது. பாதி உடைந்தது. சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கதேவன் என்பவன் இலங்கைக்கு வந்ததைச் சொல்வது. தொல்பொருள் ஆணையாளராக இருந்த பரணவிதான அதைப் படித்து வெளியிட்டார். ஒரு கோட்டைச் சுவருக்குள் செருகிக் கிடந்த உடைந்த கல், இந்தத் தீவின் ஒரு நூற்றாண்டு வரலாற்றுக்கு ஆண்டுக் கணக்குத் தந்திருக்கிறது. இடித்தவன் கல்லைக் கடலில் போட்டிருந்தால் அந்த ஆண்டும் போயிருக்கும்.

அதனால் எனக்கு ஒரு தெளிவு வந்தது. கோட்டை இடிக்கப்பட வேண்டும், அதன் கல்லை எடுத்துக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும் என்று சிலர் ஆத்திரத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோட்டையின் மதில்தான் இன்றைக்குக் கோயிலின் பெட்டகம். மதிலைக் கலைத்தால் கோயிலை இரண்டாம் முறை இடித்ததாகும்.

கல் போனாலும் வழிபாடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அர்ச்சகர்கள் காப்பாற்றிய மூர்த்தி தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகராக எழுந்தருளினார். மலையுச்சியில் கோயில் இல்லாத காலத்திலும் சனம் வெறும் பாறைக்கு வந்தது. பாறை விளிம்பில் பூசகர் நின்று தீபம் காட்டி, பூவும் பழமும் வெற்றிலையும் கடலுக்குள் சொரிவதை ஆங்கிலேயர் காலத்தில் வந்த பயணிகள் எழுதியிருக்கிறார்கள். கடலுக்குள் கிடந்த கோயிலுக்குத்தான் அந்தப் பூ போனது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1950இல் பட்டினத்தில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கல மூர்த்திகள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள் என்று ஒன்றன்பின் ஒன்றாக. யாரோ அவசரத்தில், பயத்தில், பக்தியில் புதைத்து வைத்தவை. 1956இல் மைக் வில்சன் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கித் தேடி, இலிங்கத்தைக் கண்டெடுத்தார். அவருடைய நண்பர் ஆர்தர் சி. கிளார்க் அந்தக் கடலடித் தூண்களைப் பற்றித் தன் நூலில் எழுதினார். 1963 பங்குனி மாதத்தில் கோணேசருக்குக் குடமுழுக்கு நடந்தது. அம்மம்மா அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவ. தலைக்கு மேல் தண்ணீர் தெளித்தபோது பக்கத்தில் நின்ற முஸ்லிம் கடைக்காரரின் சேட்டும் நனைந்தது, அவரும் சிரித்துக்கொண்டு துடைத்தார் என்று அடிக்கடி சொல்லுவா.

கோயில் இப்படி உயிர்த்த பிறகு, கோட்டையின் பக்கம் யார் பார்த்தார்கள்? சட்டம் பார்த்தது என்று சொல்லலாம். 1890இலேயே இலங்கையில் தொல்பொருள் ஆய்வுப் பணி தொடங்கிவிட்டது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இன்றுவரை அடிப்படை. கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்குப் போன 1815 பங்குனி 2ஆம் திகதியை அந்தச் சட்டம் கோடாகப் போட்டு, அதற்கு முந்திய கட்டடங்களைத் தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. எங்கள் கோட்டை அந்தக் கோட்டுக்கு மிக முந்தியது. அரச காணியில் இருக்கிற தொன்மைச் சின்னத்தின் எல்லையில் இருந்து 400 யார் தூரத்துக்குள் அனுமதி இல்லாமல் எதுவும் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அனுமதியில்லாமல் கல்லைக் கிண்டுவதும் உடைப்பதும் கீறுவதும் குற்றம்.

கோட்டைக்குள் இன்றும் படைமுகாம் இயங்குகிறது. துறைமுக வாயிலில் இருக்கிற ஒஸ்டன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் போய்விட்டது. அங்கே ஹூட் கோபுரம் என்ற காவற் கோபுரத்தடியில் கடற்படை ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. படையின் கையில் இருப்பதால் கல்லைத் திருடிக்கொண்டு போகிறவர் இல்லை என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் கல்லைப் படிக்க வருகிற மாணவனும் தயங்கித்தான் வருகிறான்.

சட்டத்தின் கண் படாத இடத்தில் வேறு எதிரிகள் வேலை செய்கிறார்கள். போன மழைக்காலம் முடிந்து நான் மதிலடியில் நின்று பார்த்தேன். இரண்டு கருங்கல்லுக்கு நடுவே, ஒரு விரல் அகல வெடிப்பில், ஆலங்கன்று ஒன்று முளைத்திருந்தது. நாலு இலை. காகம் எச்சமிட்ட விதை. மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதன் வேர் சுண்ணாம்புச் சாந்துக்குள் மயிரிழைபோல இறங்கி, ஈரத்தைத் தேடித் தடித்து, பத்து வருடத்தில் பீரங்கிக்கு அசையாத கல்லைத் தள்ளிவிடும். கோட்டைக்குள் நிற்கிற பெரிய ஆலமரங்களின் நிழலில் புள்ளிமான்கள் படுத்திருப்பதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. மரம் நிலத்தில் நிற்கட்டும். சுவரில் முளைத்ததை நாலு இலையிலேயே எடுத்துவிட வேண்டும், அதுவும் பிடுங்கி எறியாமல், வேர் செத்த பிறகு பக்குவமாக.

கன்றுக்குக் கொஞ்சம் கீழே, பழைய வெடிப்பொன்றைச் சீமெந்தால் பூசி அடைத்திருந்தார்கள். யார் எப்போது பூசினார்கள் என்பது எனக்கு முக்கியம் இல்லை. பூசிய இடத்தைச் சுற்றி வெள்ளை உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டேன். பக்கத்துக் கல்லின் மேற்தோல் பொருக்காகக் கையோடு வந்துவிட்டது. எழுத்து வெட்டிய கல் ஒன்றுக்கு இது நடந்தால், எழுத்து அந்தப் பொருக்கோடேயே போய்விடும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வயோதிப மேசன் இருக்கிறார். சுண்ணாம்பு வீடு கட்டிய கடைசித் தலைமுறை. உப்புப் பூத்ததைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். "சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் தம்பி. மாரியில ஈரத்தை இழுக்கும், கோடையில வெளிய விடும். சீமெந்து போட்டால் வாயைப் பொத்தினமாதிரி. ஈரம் உள்ளுக்கையே நிண்டு, போற வழி தேடிக் கல்லைத் தின்னும்." எந்தப் பொறியியல் நூலிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. கடற்காற்று கொண்டு வருகிற உப்பு ஈரத்தோடு உள்ளே போகிறது. ஈரம் காயும்போது உப்பு படிகமாகிப் பெருக்கிறது, கல்லின் நுண்துளை வெடிக்கிறது. சுண்ணாம்புச் சாந்து அந்த உப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். உதிர்ந்த சாந்தை மறுபடி பூசலாம். கல்லை மறுபடி செய்ய முடியாது. பழைய மதிலுக்குப் பழைய சாந்துதான் மருந்து. ஊற வைத்து, இடித்து, நாட்கணக்காகக் குழைத்த சுண்ணாம்பு. அதைக் குழைக்கத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. இந்த மேசன் ஐயாவின் வயதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மூன்றாவது எதிரி வாசலில் இருக்கிறது. கோணேசர் மலைக்குப் போகிற ஓட்டோவும் வானும் அந்த ஒரு வளைவுக்குள்ளால்தான் போக வேண்டும். திருவிழாக் காலத்தில் வரிசையாகப் போகும். ஒரு தட்டு, ஒரு உரசல், ஒரு பக்கக் கண்ணாடி நிலைக்கல்லில் கீறினால், பல நூறு வருட எழுத்துக்கு அதற்குமேல் வேறு அழிவு வேண்டாம்.

நான் இதையெல்லாம் ஆத்திரத்தோடு எழுதவில்லை, ஆனால் கவலையோடு எழுதுகிறேன். இந்த மலையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இது யாருடைய மலை என்ற ஒரே கேள்விதான் மேடையில் நிற்கிறது. கோட்டைக்குள் கோகர்ண விகாரையின் புத்தர் சிலை இருக்கிறது, மேலே கோணேசர் இருக்கிறார், நடுவே ஆங்கிலேயன் காலத்து வீடுகள் இருக்கின்றன. உரிமை பேசுகிறவர்கள் பேசட்டும், அது அவர்கள் கடமை. கல்லுக்கு அந்த வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தெரியாது. மாரி வந்தால் நனையும், கோடை வந்தால் உதிரும்.

எகிப்தில் கர்னாக் என்ற இடத்தில் ஒரு வேலை நடந்தது. அக்கெனதென் என்ற அரசன் கட்டிய சூரியக் கோயிலைப் பின்வந்த அரசர்கள் இடித்து, அதன் கல்லைத் தங்கள் கோபுரவாசல்களுக்குள் நிரப்பலாகப் போட்டுவிட்டார்கள். மூவாயிரத்துச் சொச்ச ஆண்டு அந்தக் கற்கள் உள்ளேயே கிடந்தன. வெயிலும் மழையும் படாததால் சிலவற்றில் நிறம்கூட மங்கவில்லை. 1960களில் ஆய்வாளர்கள் சுமார் 35,000 கற்களைப் படம் எடுத்து, இலக்கம் இட்டு, கணினியில் ஏற்றி, எந்தக் கல்லுக்கு அருகில் எந்தக் கல் இருந்திருக்கும் என்று பொருத்திப் பார்த்தார்கள். இடிந்த கோயிலின் சுவர்ச் சித்திரங்கள் கடதாசியில் மறுபடி எழுந்தன. ஒரு கல்லையும் வீணாக உடைக்காமல், கோயிலை மீட்டார்கள்.

கர்னாக் அளவுக்கு எங்களுக்கு வேலை இல்லை. கழுத்து மதிலும் வாசலும் கொத்தளங்களும் ஒரு பருவத்தில் படம் எடுத்து முடிக்கக்கூடிய அளவுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வரலாறு படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடு, படையினரின் துணையோடு, ஒவ்வொரு கோயில் கல்லுக்கும் ஒரு இலக்கம், ஒரு படம், ஓர் அளவு. எழுத்துள்ள கல்லுக்கு ஒரு மசிப்படி. இதழ் விரித்த தாமரைப் போதிகை ஒன்று மதிலுக்குள் தலைகீழாகக் கிடந்தால், அதையும் எழுதி வைக்கலாம். வாசலில் மூன்று மொழியிலும் ஒரு பலகை, அந்தப் பாட்டு என்ன சொல்கிறது, அந்த மீன் ஏன் வந்தது, அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று. கல்லை இருக்கிற இடத்தில் இருக்க விட்டே இதையெல்லாம் செய்யலாம்.

தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க்கைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கையேற்று அருங்காட்சியகம் ஆக்கிவிட்டது. டேனிஷ் மொழி ஆவணங்களும் அங்கே வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்சிக்கு இருக்கின்றன. எங்கள் கடற்கரையில் கட்டத் தொடங்கி விட்டுப் போனவர்களின் கோட்டைக்கு அந்தக் கவனிப்புக் கிடைத்திருக்கிறது. அவர்களுக்குப் பிறகு இங்கே எழுந்து, இடிபட்டும் மறுபடி எழுந்தும் 400 வருடம் கடந்து, ஒரு கோயிலைத் தன் மார்புக்குள் சுமந்துகொண்டிருக்கிற கோட்டைக்கு நாங்கள் அதைவிடக் குறையாகச் செய்யக்கூடாது.

அடுத்த முறை கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்குங்கள். வளைவுக்குள் நடந்தே போங்கள். நிலைக்கல்லில் எழுத்து இருக்கிறது, கயல் இருக்கிறது, தொடாமல் கிட்ட நின்று பாருங்கள். கைத்தொலைபேசியில் ஒரு நல்ல படம் எடுத்து, திகதியை எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தேய்ந்திருந்தால் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.